கோப்பைக் காணவில்லை: பொதுச் சேர்வரில் அடிக்கடி வரும் கோளாறுகள், அறிகுறி வாரியாக

யாழ்ப்பாணத்தில் சில சிறிய அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். ஓர் அச்சகம், ஒரு கணக்காளர் அலுவலகம், நிலஅளவையாளர் ஒருவர், இரண்டு தனியார் கல்வி நிலையங்கள். இடம் எதுவானாலும் தொலைபேசியில் வரும் வசனம் ஒன்றுதான்: "தம்பி, சேர்வர் பிழைத்துவிட்டது." சேர்வர் என்பது அலுவலகத்தில் எல்லாரும் கோப்பு வைக்கும் பொதுக் கணினி. எங்கள் ஊரில் பிழைத்தது என்றால் கெட்டுப்போனது என்று பொருள். வெளியூர்க்காரர் காதில் அது உயிர் தப்பியது என்று விழும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் வெளியூர்க்காரர் பொருள்தான் சரியாக இருக்கும். சேர்வர் சுகமாக ஓடிக்கொண்டிருக்கும். கோப்புதான் வைக்கக் கூடாத இடத்தில் கிடக்கும்.

உங்கள் அறிகுறிக்குரிய தலைப்புக்கு நேரே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவாகாத காரணம் முதலில், செலவு கூடியது கடைசியில். அந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். புதிய ஹார்ட் டிஸ்க்கை வாங்கி மேசையில் வைத்துவிட்டு என்னை அழைத்தவர்கள் உண்டு.

## முதலில்: எது எங்கே இருக்க வேண்டும்

நான் பார்க்கும் இடங்களில் சேர்வரில் மூன்றே கோப்புறைகள். "சொந்தம்" ஆளுக்கொன்று, உரியவரைத் தவிர வேறு எவரும் திறக்க முடியாது. பாதி எழுதிய கடிதம், விடுமுறை விண்ணப்பம் போன்றவை அங்கே. "பிரிவு" என்பதில் ஒருவருக்கு மேற்பட்டோர் தொடும் எல்லாம். "கைமாற்று" என்பது ஒருவர் இன்னொருவருக்குக் கோப்பைக் கொடுக்கும் வழி மட்டும். வெள்ளிக்கிழமை மாலை யாரையும் கேட்காமல் துடைக்கப்படும். கைமாற்றாக வாங்கிய காசைப் போல அதையும் நெடுநாள் வைத்திருக்கக் கூடாது.

டெஸ்க்டொப், டவுன்லோட்ஸ், மின்னஞ்சல் இணைப்பு, வட்ஸ்அப்பில் வந்தது, பென் ட்ரைவ் எல்லாம் பஸ் தரிப்பிடம் மாதிரி. நிற்கலாம், குடியிருக்க முடியாது. இரவில் எடுக்கப்படும் பேக்கப் அந்த மூன்று கோப்புறைகளையும் மட்டுமே பிரதி எடுக்கிறது. உங்கள் மேசைக் கணினியின் சீ ட்ரைவில் என்ன இருக்கிறது என்று சேர்வருக்குத் தெரியாது.

## அறிகுறி 1: "நேற்றுச் சேமித்தேன், இன்று காணவில்லை"

அண்மைப் பட்டியலைப் பாருங்கள். எந்த மென்பொருளில் வேலை செய்தீர்களோ அதையே திறந்து, அண்மையில் திறந்த கோப்புகளின் பட்டியலில் அந்தப் பெயரின் மேல் சுட்டியை வையுங்கள். கோப்பு இருக்கும் பாதை தெரியும். சீ என்று தொடங்கினால் அது உங்கள் கணினியிலேயே இருக்கிறது; சேர்வருக்கு மாற்றுங்கள், வேலை முடிந்தது. ஒரு கணினியை இருவர் பயன்படுத்தும் இடமென்றால், மற்றவரின் கணக்கில் நுழைந்திருந்தபோது சேமித்தீர்களா என்றும் யோசியுங்கள். டெஸ்க்டொப் ஆளுக்கு ஆள் வேறு.

மின்னஞ்சலிலிருந்து நேரே திறந்தீர்களா? அச்சகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முப்பத்தோராம் நாள் கல்வெட்டு ஒன்று. இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பும் தேவாரங்களும் சேர்த்து அந்தியேட்டியில் கொடுக்கும் சிறு நூல். வெளிநாட்டிலுள்ள மகள் வேர்ட் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். வடிவமைக்கும் தங்கச்சி அந்த இணைப்பை அப்படியே திறந்து, இரண்டு மணித்தியாலம் பிழை திருத்தி, சேமித்து, மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். காலையில் மின்னஞ்சலைத் திறந்தால் பழைய பிழைகள் அப்படியே நின்றன. அந்தியேட்டிக்கு இரண்டு நாள்.

நேரே திறந்த இணைப்பை மின்னஞ்சல் மென்பொருள் ஒரு தற்காலிகக் கோப்புறையில் போட்டுத்தான் வேர்டிடம் கொடுக்கிறது. திருத்தம் அங்கே சேமிக்கப்படுகிறது. மின்னஞ்சலில் உள்ள பிரதி மாறுவதில்லை. அண்மைப் பட்டியலில் பார்த்தோம். எழுத்தும் இலக்கமும் கலந்த நீண்ட பெயருடைய ஒரு கோப்புறைக்குள் அது இருந்தது. "உரும்பராய்" என்று நான்கு இடங்களில் வந்ததை அவர் "உரும்பிராய்" என்று திருத்தியிருந்தார், நான்கும் இருந்தன. நான் வருவதற்கு முன், கணினியைத் துப்புரவாக்கும் மென்பொருளை ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா என்று முதலாளி அண்ணை யோசித்துக்கொண்டிருந்தாராம். அது முதலில் காலியாக்குவதே இந்தத் தற்காலிகக் கோப்புறைகளைத்தான். ஓட்டியிருந்தால் கல்வெட்டுக்கே ஒரு கல்வெட்டு எழுதியிருக்க வேண்டும்.

ஆகவே கோப்பைத் தேடும்போது எந்தத் துப்புரவும் செய்யாதீர்கள். பட்டியலில் இல்லாவிட்டால், கோப்பின் வகையையும் மாற்றிய திகதியையும் வைத்து சீ ட்ரைவ் முழுவதிலும் தேடுங்கள். மறைகோப்புகளையும் காட்டச் சொல்லுங்கள். சிப் (zip) என்ற சுருக்கிய பொதிக்குள் இருந்தபடியே திறந்து திருத்தியவர்களுக்கும் இதே சோதனைதான்.

சேர்வரின் திகதி சரியா? நீண்ட நேரம் மின்சாரம் நின்று வந்த பிறகு இதைப் பாருங்கள். தாய்ப்பலகையில் 2032 என்ற இலக்கமிட்ட, நாணயம் போன்ற ஒரு சிறு பற்றரி இருக்கிறது. அது செத்துப்போனால் சேர்வர் ஏதோ பழைய ஆண்டில் கண் விழிக்கும். அன்று சேமித்த கோப்புகள் அந்தப் பழைய திகதியோடு பட்டியலின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். புதியது மேலே வரும் ஒழுங்கில் பார்ப்பவர் கண்ணில் படாது. பெயர் ஒழுங்குக்கு மாற்றிப் பாருங்கள். பற்றரி மலிவு, கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும்.

பக்கத்துக் கோப்புறைக்குள் விழுந்ததா? சுட்டியை அழுத்தியபடி கை நடுங்கினால் ஒரு முழுக் கோப்புறையே அடுத்ததற்குள் நுழைந்துவிடும். "பிரிவு" முழுவதிலும் தேடுங்கள். கல்வி நிலையமொன்றில் தரம் 11 வினாத்தாள்கள் அத்தனையும் "மின்சாரக் கட்டணம்" என்ற கோப்புறைக்குள் மூன்று வாரம் இருந்தன. கட்டணம் கட்டும் நாள் வந்தபோதுதான் கண்டுபிடித்தார்கள்.

தேடினாலும் வரவில்லையா? தமிழில் பெயர் வைத்தவர்களுக்கு இது தனிச் சங்கடம். "கோப்பாய்" என்ற சொல்லின் முதலெழுத்தை, எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒன்று, இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இடுவது மற்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் நின்று உங்களைப் பார்த்துச் சிரித்தால் காரணம் இதுதான். பழைய மெக் கணினியிலிருந்து வந்த கோப்புகளில் அடிக்கடி காணலாம். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் வராத துண்டைத் தேடுங்கள். "கோப்பாய்" என்பதற்குப் பதில் "ப்பாய்" என்று அடித்தால் இரண்டும் வரும்.

பாமினி எழுத்துருவில் இன்னும் தட்டெழுதுபவர்களுக்கு வேறொன்று. பெயர் கொடுக்காமல் சேமித்தால் வேர்ட் முதல் வரியை எடுத்துத் தானே ஒரு பெயரை முன்வைக்கும். பாமினியில் அந்த வரி கணினிக்கு ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பை. "அழைப்பிதழ்" என்று எத்தனை தரம் தேடினாலும் வராது. திகதியால் தேடுங்கள், கிடைத்ததும் பெயரை மாற்றுங்கள்.

மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்ட்ரைவ் இழுத்துக்கொண்டதா? உங்கள் கோப்புகளைப் பாதுகாக்கவா என்று திரையில் கேட்டதற்கு ஆம் என்று அழுத்தியிருந்தால், டெஸ்க்டொப்பும் டொக்கியுமென்ட்ஸும் ஒன்ட்ரைவ் கோப்புறைக்குள் போயிருக்கும். கோப்புகள் அங்கேயே இருக்கும், பதற வேண்டாம். இலவச இடம் 5 ஜிபி மட்டும் என்பதால் அது நிரம்பியதும் மேலேற்றுவது நின்றுவிடும். அலுவலகக் கோப்புக்கு அது இடமில்லை.

யாரோ அழித்துவிட்டார்களா? சேர்வரில் அழித்த கோப்பு உங்கள் கணினியின் குப்பைத் தொட்டிக்கு வராது, நேரே போய்விடும். இதைத் தெரியாமல் தொட்டியைக் கிளறிக்கொண்டிருப்பவர்கள் அதிகம். விண்டோஸ் சேர்வரில் முந்தைய பதிப்புகளைக் காக்கும் வசதியை முன்பே இயக்கி வைத்திருந்தால், கோப்பு இருந்த கோப்புறையை வலச்சொடுக்கி "பிரீவியஸ் வேர்ஷன்ஸ்" என்பதைத் திறந்தால் கிடைக்கும். இயல்பான அமைப்பில் வாரநாள்களில் காலை 7 மணிக்கும் நண்பகல் 12 மணிக்கும் ஒரு நிழற்பிரதி எடுக்கும்; அதிகபட்சம் 64 பிரதிகள் நிற்கும். காலை 8 மணிக்கு உருவாக்கி 11 மணிக்கு அழித்த கோப்பு அதிலும் இருக்காது. நாஸ் என்று கடைகளில் விற்கும் தனிச் சேமிப்புப் பெட்டிகள் பலவற்றில் பொதுக் கோப்புறைக்கென ஒரு குப்பைத் தொட்டி உண்டு. அது இயக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

இரண்டும் இல்லை, நேற்றைய பேக்கப்பிலும் இல்லை என்றால் எல்லாரையும் சேர்வரில் எழுதுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, தரவு மீட்கத் தெரிந்தவரை அழையுங்கள். அழிந்த இடத்தின் மேல் புதிதாக எதையும் எழுதாதவரைதான் வாய்ப்பு.

## அறிகுறி 2: "எஸ் ட்ரைவையே காணவில்லை" அல்லது அதன் மேல் சிவப்புப் புள்ளடி

எஸ் ட்ரைவ் என்பது சேர்வரின் கோப்புறைகள் உங்கள் கணினியில் தோன்றும் பெயர். மின்சாரம் இப்போதுதான் வந்ததா? மேசைக் கணினிகள் சேர்வரை முந்திக்கொண்டு எழுந்துவிடும்; தேடிய நேரத்தில் சேர்வர் இல்லாததால் புள்ளடி விழும். ஐந்து நிமிடம் பொறுத்து அந்த ட்ரைவை இரட்டைச் சொடுக்குங்கள், திறந்துவிடும். ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரம் போதும். நான் சைக்கிளில் வந்து சேருமுன் தானாகச் சரியாகிவிடும் கோளாறு இது.

ஒருவருக்கு மட்டுமா, எல்லாருக்குமா? எழுந்து போய்ப் பக்கத்துக் கதிரைக்காரரிடம் கேளுங்கள். இந்த ஒரு கேள்வி பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

ஒருவருக்கு மட்டும் என்றால் முதலில் வயர், அடுத்தது வைஃபை. கைபேசியின் இணையத்தோடு மடிக்கணினி இணைந்திருந்தால் அலுவலக வலையமைப்பு தெரியாது. இரண்டும் சரியென்றால், கடவுச்சொல் மாற்றிய பின் பழையதை விண்டோஸ் நினைவில் வைத்துக்கொண்டு அதையே கொடுத்துக்கொண்டிருக்கலாம். கன்ட்ரோல் பனலில் "கிரடென்ஷியல் மனேஜர்" திறந்து சேர்வரின் பெயருக்கு எதிரே உள்ளதை அழித்துவிட்டுப் புதிதாக நுழையுங்கள். ஒரே சேர்வருக்கு இரண்டு பயனர் பெயர்களில் நுழைய முடியாது என்ற செய்தி வந்தாலும் மருந்து இதுதான். பிறகு கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். புதிதாக வாங்கிய கணினியில் மட்டும் பழைய நாஸ் பெட்டி தெரியவில்லை என்றால் கதை வேறு. 2017 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, கோப்புப் பகிர்வின் மிகப் பழைய முறை புதிய நிறுவல்களில் இயல்பாகக் கிடையாது. விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு இன்னும் கண்டிப்பு. கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவை மறுத்துவிடும். பழைய முறையைத் திரும்ப இயக்கிவிடும்படி யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். 2017 மே மாதத்தில் உலகைக் கலக்கிய, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வொன்னாக்ரை பரவியது அந்தக் கதவால்தான். நாஸ் பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, ஆளுக்கொரு பயனர் பெயர் கொடுங்கள். புதுப்பிக்க முடியாத அளவுக்குப் பழையது என்றால் பெட்டிக்கு விடை கொடுக்கும் காலம் வந்துவிட்டது.

எல்லாருக்கும் இல்லை என்றால்: சேர்வர் தூங்குகிறதா? சிறிய அலுவலகங்களில் சேர்வர் என்று பெயர் சூட்டப்பட்டிருப்பது பெரும்பாலும் ஒரு சாதாரண விண்டோஸ் கணினி. யாரும் தொடாமல் கொஞ்ச நேரம் இருந்தால் அது உறங்கிவிடும். மின் அமைப்பில் உறக்கத்தை முற்றாக நிறுத்துங்கள். அந்தக் கணினியில் இன்னொரு வரம்பும் உண்டு: ஒரே நேரத்தில் 20 இணைப்புகளுக்கு மேல் ஏற்காது. கல்வி நிலையத்தின் கணினி வகுப்பில் முன்வரிசைப் பிள்ளைகளுக்குத் திறந்து, பின்வரிசைக்குத் திறக்காததன் மர்மம் அதுதான். இருபதைத் தாண்டும் இடம் உண்மையான சேர்வருக்கோ நாஸுக்கோ செலவழிக்க வேண்டிய இடம்.

ஐப்பசி இடிமழைக்குப் பிறகு வரும் அழைப்புகளில் ரவுட்டர்தான் முதற் சந்தேகம். மின்னல் பழையதைக் கொன்றிருக்கும். புதியது வேறு எண் வரிசையில் முகவரி கொடுக்கும். நேற்றுவரை 192.168.1 என்று தொடங்கிய முகவரிகள் இன்று 192.168.8 என்று தொடங்கும். எஸ் ட்ரைவ் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். எண்ணால் இணைக்காமல் சேர்வரின் பெயரால் இணைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. சேர்வருக்கு மாறாத முகவரி ஒன்றை ரவுட்டரிலேயே ஒதுக்கி வையுங்கள்.

எல்லாருடைய உள்நுழைவையும் ஒரு சேர்வரே சரிபார்க்கும் டொமைன் முறையில் இயங்கும் அலுவலகமாக இருந்து எவருமே உள்நுழைய முடியவில்லை என்றால் கடிகாரத்தைப் பாருங்கள். சேர்வருக்கும் கணினிக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அனுமதி கிடைக்காது. மேலே சொன்ன அதே நாணயப் பற்றரி. அதன் பிறகும் வரவில்லை என்றால் தொடாதீர்கள். டொமைனைத் தெரிந்தவரை அழையுங்கள்.

## அறிகுறி 3: "திறக்கிறது, ஆனால் சேமிக்க விடவில்லை"

இன்னொருவர் திறந்து வைத்திருக்கிறாரா? எக்செல் ஒரு பெயரைச் சொல்லும். நம்பாதீர்கள். அது ஒஃபிஸ் நிறுவியபோது பதிந்த பெயர். பல அலுவலகங்களில் எல்லாக் கணினியிலும் நிறுவிக் கொடுத்த கடையின் பெயரே இருக்கும். கணக்காளர் அலுவலகத்தில் ஓர் அக்கா, கடைக்காரர் தங்கள் சம்பளப் பட்டியலைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து ஒருநாள் முழுவதும் கலங்கிப்போயிருந்தார். ஒவ்வொரு கணினியிலும் சரியான பெயரைப் பதியுங்கள்.

யாருமே திறக்கவில்லை என்று எல்லாரும் சத்தியம் செய்தால், கணினி திடீரென நின்றபோது விட்டுப்போன பூட்டாக இருக்கலாம். அதே கோப்புறையில் மறைகோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். அலைக்குறியும் டொலர் குறியும் முன்னால் ஒட்டிய, அதே பெயருடைய சின்னஞ்சிறு கோப்பு ஒன்று இருக்கும்; அதை மட்டும் அழியுங்கள். அழிக்க விடாவிட்டால் உண்மையிலேயே யாரோ திறந்திருக்கிறார். சேர்வரில் "கம்பியூட்டர் மனேஜ்மென்ட்" திறந்து, பகிர்ந்த கோப்புறைகளின் கீழ் திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியலைப் பார்த்தால் ஆள் அகப்படுவார். அங்கிருந்தபடியே மூடவும் முடியும். ஆனால் அவர் சேமிக்காதது போய்விடும், முதலில் ஆளைத் தேடுங்கள்.

கோப்பை இழுத்து நகர்த்தினீர்களா? இதற்கு அரைநாள் செலவழித்தவர்களை அறிவேன். "சொந்தம்" கோப்புறையிலிருந்து "பிரிவு"க்கு ஒரே ட்ரைவுக்குள் இழுத்து நகர்த்தினால், கோப்பின் பழைய உரிமைகளும் கூடவே வரும்; மற்றவர்கள் பார்க்கலாம், தொட முடியாது, சிலவேளை திறக்கவே முடியாது. பிரதி எடுத்து ஒட்டினால் புதிய இடத்தின் உரிமை கிடைக்கும். உரியவர் கோப்பைப் பிரதி எடுத்து அங்கேயே ஒட்டி, பழையதை அழித்தால் தீர்ந்தது. எல்லாருக்கும் முழு உரிமையைக் கொடுத்துவிட்டுப் போகும் தொழில்நுட்பக்காரரை மறுமுறை கூப்பிடாதீர்கள். அந்தக் கோப்புறையில் வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதிகள் இருக்கின்றன. 2022 இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது.

பெயர் நீளமா? விண்டோஸில் முழுப் பாதையும் பொதுவாக 260 எழுத்துக்குள் அடங்க வேண்டும். தமிழில் இந்த 260 சீக்கிரம் கரையும். "யாழ்ப்பாணம்" நமக்கு ஆறு எழுத்து. விண்டோஸுக்குப் பதினொன்று, ஏனெனில் ஒவ்வொரு புள்ளியையும் காலையும் தனியே எண்ணுகிறது. லினக்ஸில் ஓடும் நாஸ் பெட்டிக்கோ ஒன்றுக்கு மூன்றாக 33 பைட். அங்கே ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை. "யாழ்ப்பாணம்" என்று ஏழு தரம் எழுதலாம், எட்டாவதற்கு இடமில்லை. சில நாஸ் பெட்டிகளில் மறைகுறியாக்கிய கோப்புறை என்றால் எல்லை 143 ஆகச் சுருங்கிவிடும்.

நிலஅளவையாளரின் கோப்புறைகள் காணியின் எல்லைகளைப் போலவே நீண்டவை: ஊர், வீதி, உரிமையாளர் பெயர், ஆண்டு, பிறகு "திருத்திய இறுதி வரைபடங்கள்", அதற்குள் மீண்டும் ஊர். எஸ் ட்ரைவ் வழியாகச் சேமிக்கும்போது பாதை மட்டுமட்டாக அடங்கியிருந்தது. சேர்வரின் உள்ளே அதே கோப்பின் பாதை அதைவிட நீளம். அவருடைய பழைய பேக்கப் மென்பொருள் அவற்றைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சேமிக்க மறுக்கும் கணினி நல்ல கணினி. இப்படி மௌனமாகத் தாண்டுவதுதான் ஆபத்து. பேக்கப்பின் அறிக்கையில் விடுபட்டவை எத்தனை என்று பாருங்கள். மேலிருந்து கீழாகக் கோப்புறைப் பெயர்களைச் சுருக்குங்கள்: "2024-கோப்பாய்-017" போதும்.

பெயரில் சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, இரட்டை மேற்கோள் இருந்தாலும் விண்டோஸ் ஏற்காது. திகதியைச் சாய்கோட்டோடு எழுதும் பழக்கமுள்ளவர்கள் இணைகோட்டுக்கு மாறுங்கள்.

மின்சாரம் போன நேரத்தில் சேமித்தீர்களா? கோப்பின் அளவு பூச்சியம் என்று காட்டினால் உள்ளே ஒன்றுமில்லை. முந்தைய பதிப்பு, பிறகு பேக்கப், இந்த ஒழுங்கில் தேடுங்கள். யூ.பி.எஸ். இருந்தும் இப்படி ஆனது என்றால் அதன் பற்றரி போய்விட்டது. நமது வெக்கையில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் நம்ப வேண்டாம். 2022 இல் நாளுக்குப் பல மணித்தியாலம் மின்வெட்டைத் தாங்கிய பற்றரிகளை நான் அந்த ஆண்டுக் கடைசியிலேயே வரிசையாக மாற்றினேன். யூ.பி.எஸ். சேர்வருக்கு மட்டும் போதாது, வலையமைப்பு வயர்கள் வந்து சேரும் சுவிட்ச் பெட்டிக்கும் வேண்டும். அது அணைந்தால் சேர்வர் உயிரோடு இருந்தும் பயனில்லை.

## அறிகுறி 4: "எல்லாம் மிக மெதுவாக இருக்கிறது"

ஒரு ஜிபி அளவுள்ள கோப்பொன்றைச் சேர்வரிலிருந்து உங்கள் கணினிக்குப் பிரதி எடுத்து நேரம் பாருங்கள். பத்துப் பதினைந்து விநாடியில் வந்தால் வலையமைப்பு நலம். ஒன்றரை நிமிடம் ஆனால் ஜிகாபிட் இணைப்பு நூறு மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. வயரை மாற்றிப் பாருங்கள். எட்டு இழைகளில் நான்கு மட்டும் தொட்டாலும் இணைப்பு வேலை செய்யும், நூறோடு நின்றுவிடும். சுவருக்குள் போகும் வயரை எலி கடித்த இடங்களும் பார்த்திருக்கிறேன். வைஃபை என்றால் முதலில் வயரில் செருகுங்கள், பிறகு முறையிடுங்கள்.

வயர் சரி, ஒரு குறிப்பிட்ட வேலை மட்டும் மெது என்றால் கோப்பின் இடம்தான் பிழை. பெரிய படக்கோப்பையும் பக்க வடிவமைப்பையும் சேர்வரில் இருந்தபடி திறந்து வேலை செய்யாதீர்கள். காலையில் உங்கள் சீ ட்ரைவுக்கு எடுங்கள், மாலையில் திருப்பி வையுங்கள். எடுத்திருக்கிறேன் என்று பெயரின் முன்னால் உங்கள் முதலெழுத்தைப் போடுங்கள். இதற்கு மட்டும்தான் சீ ட்ரைவ். அவுட்லுக்கின் பழைய அஞ்சல்களைச் சேர்த்து வைக்கும் கோப்பைச் சேர்வரில் வைத்துத் திறக்கவே கூடாது. மைக்ரோசொஃப்டே வேண்டாம் என்கிறது, பெரிதாகும்போது அது உடையும். அக்ஸஸ் தரவுத்தளம் என்றால் தரவு சேர்வரில், படிவங்கள் ஆளுக்கொரு பிரதியாக அவரவர் கணினியில் என்று பிரித்து வையுங்கள். 2 ஜிபியை நெருங்கினால் பிரித்தாலும் பயனில்லை, அது அக்ஸஸின் எல்லை. தரவுத்தளம் தெரிந்தவரிடம் போங்கள்.

காலையில் உள்நுழையவே பத்து நிமிடம் ஆகிறதா? உங்கள் டெஸ்க்டொப் உங்களோடு கணினிக்குக் கணினி வரும்படி அமைத்திருந்தால், அதில் போட்ட பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழா வீடியோவும் கூடவே ஒவ்வொரு நாளும் வருகிறது. டெஸ்க்டொப்பைக் காலியாக்குங்கள்.

## அறிகுறி 5: "சேர்வர் நிரம்பிவிட்டது"

புதிய டிஸ்க் கடைசி. முதலில் அளவு ஒழுங்கில் அடுக்கிப் பாருங்கள். மேலே வருபவை எனக்கு மனப்பாடம்: கைபேசியிலிருந்து கொட்டிய படங்கள், மென்பொருள் நிறுவற் கோப்புகள், ஸ்கேனர் மிக உயர்ந்த தரத்தில் எடுத்த பிடிஎஃப்கள், "இறுதி", "இறுதி 2", "புதிய இறுதி", "இதுதான் இறுதி". கடைசி வகையை நீங்கள் அழிக்காதீர்கள். உரியவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழியுங்கள், இல்லாவிட்டால் அறிகுறி 1க்குத் திரும்பி வருவீர்கள்.

எல்லாரும் தொலைவிலிருந்து ஒரே சேர்வருக்குள் நுழைந்து வேலை செய்யும் அமைப்பென்றால், நிரம்பியிருப்பது சேர்வரின் சீ ட்ரைவாக இருக்கும். அங்கே உங்கள் டெஸ்க்டொப் என்பது சேர்வரின் வயிறு. ஆளாளுக்கு இட வரம்பு வையுங்கள். அந்த அமைப்பில் தற்காலிகக் கோப்புறை வெளியேறும்போது இயல்பாகவே அழிக்கப்படும் என்பதையும் எல்லாருக்கும் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பத்தில் ஒரு பங்கு இடம்கூட மிஞ்சவில்லை என்றால், வாங்குங்கள். ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள், இரண்டாவது பேக்கப்புக்கு.

## கையை எடுத்துவிட்டு ஆளை அழைக்க வேண்டியவை

டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சீராகத் தட்டும் சத்தம் வந்தால் உடனே அணையுங்கள். "இன்னொருமுறை போட்டுப் பார்ப்போம்" என்பது வேண்டாம். ஒவ்வொரு முறையும் உள்ளே சுரண்டுகிறது. குளிர்சாதனப் பெட்டியில் வைக்கும் வைத்தியத்தையும் யாராவது சொல்வார்கள், மீனுக்கு மட்டும் அது.

இரண்டு டிஸ்க்கில் ஒரே தரவை எழுதும் அமைப்பில் ஒன்று செம்புள்ளி காட்டினால், எதைக் கழற்றுவது என்று ஊகிக்காதீர்கள். நல்லதைக் கழற்றியவரை எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்தால் தெரியும் ஆள். அது நடந்து நெடுங்காலம். அன்றிலிருந்து ஒவ்வொரு டிஸ்க்கின் தொடர் இலக்கத்தையும் பெட்டியின் வெளிப்புறத்தில் எழுதி ஒட்டுகிறேன்.

கோப்புகளின் பெயருக்குப் பின்னால் தெரியாத வால் முளைத்து, பணம் கேட்கும் குறிப்பு ஒவ்வொரு கோப்புறையிலும் கிடந்தால், சேர்வரின் வலையமைப்பு வயரை முதலில் பிடுங்குங்கள். அடுத்ததாகப் பேக்கப் டிஸ்க்கைக் கழற்றுங்கள். எதையும் அழிக்க வேண்டாம், பணம் கட்டவும் வேண்டாம். கணினிப் பாதுகாப்புக்கான அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டுக்கு அறிவியுங்கள்.

அழைக்கும்போது மூன்று விடயங்களைத் தயாராக வையுங்கள்: கடைசியாகச் சரியாக இருந்த நேரம், அதன் பிறகு யார் என்ன தொட்டார், கடைசிப் பேக்கப்பின் திகதி. "ஒன்றும் செய்யவில்லை, தானாகப் போய்விட்டது" என்று சொன்னால் வருபவர் கேட்டுத் தலையாட்டிவிட்டு இரண்டு மணித்தியாலம் கூடுதலாகத் தேடுவார், கட்டணமும் அப்படியே. டிஸ்க்கைக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் பஸ் பார்சலில் போடாதீர்கள். துவாயில் சுற்றி, கைப்பையில் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு போங்கள்; மேலே சாமான் தட்டில் வைத்தால் மாங்குளம் தாண்டுமுன் யாரோ அதன் மேல் ஒரு மாம்பழப் பெட்டியை ஏற்றிவிடுவார்கள்.